ஆணிக்குக் கீழே ஓசூர்

டிவி இல்லம்மா. படம். பெட்ஷீட்டைச் சுத்திக் கயிறு போட்டிருக்கறதால உங்களுக்கு டிவி மாதிரி தெரியுது. கண்டக்டரும் அதையேதான் கேட்டான், டிவிக்கு லக்கேஜ் போடணும்னு. டிவி இல்லப்பா, நான் போட்ட படம்னேன். கண்ணாடி உடைஞ்சா நான் பொறுப்பில்லன்னான். கண்ணாடியே இல்ல, போப்பான்னு அனுப்பிட்டேன். உங்க காலை இடிக்குதா? கொஞ்சம் திருப்பி வச்சுக்கறேன். முழங்காலால மட்டும் முட்டிடாதீங்க.

நான் போட்ட படம்னு சொன்னேன் இல்ல? அப்படித்தான் போன மாசம் வரைக்கும் நானும் நினைச்சிருந்தேன்.

சாமி படமா? சாமியும் இல்ல, பூதமும் இல்ல. மரம் மரமா இருக்காது, ஆள் ஆளா இருக்காது. கலரும் கோடும்தான். அரூப ஓவியம்னு பேப்பர்ல எழுதுவாங்க. நானும் என் வீட்டுக்காரரும் ரெண்டு பேரும் அதைத்தான் போடறோம். சிரிக்காதீங்க. கல்யாணமாகி முப்பத்தி நாலு வருஷமா இதைத்தான் பண்றோம். நான் ஆற்காட்டுல டிராயிங் டீச்சரா இருந்து போன வருஷம்தான் ரிட்டயர் ஆனேன், அதனால சோத்துக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. என் பேரு மங்கையர்க்கரசி. மங்கைன்னு கையெழுத்துப் போடுவேன். அவரு தணிகாசலம். காலேஜ்ல ஒண்ணா படிச்சதால நான் 'தணிகா'ன்னுதான் கூப்பிடுவேன். எங்க மாமியார் இருந்த வரைக்கும் அவங்க காதுல விழற மாதிரி 'என்னங்க'ம்பேன். அவங்க போனதும் பழையபடி தணிகா.

போன மாசம் சென்னையில எங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு கண்காட்சி நடந்துச்சு. அதைப் பத்தி நினைச்சாலே எனக்கு ஆத்திரம் வருதும்மா. நீங்க கேட்டுட்டீங்க, சொல்றேன். பூந்தமல்லி வர இன்னும் நேரம் கிடக்கு.

முதல்ல எங்க ரெண்டு பேரோட வேலை எப்படின்னு சொல்லிடறேன். அவரு படம் எப்படி இருக்கும்னா, பெரிய வெள்ளைத் துணி. அதுல குறுக்கால ஒரு கோடு. மூலையில ஒரு பொட்டு. அவ்வளவுதான். பேர்கூட கிடையாது, கோடு முப்பத்தாறு, கோடு நாப்பத்தி ஒண்ணுன்னு நம்பர் போடுவாரு, ரேஷன் கடை டோக்கன் மாதிரி. அதைப் பார்த்துட்டு பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் ஆஹா, என்ன அடக்கம், என்ன அடக்கம்னு உருகுவாங்க.

அந்த அடக்கம் யாரோடதுன்னு நினைக்கறீங்க? என்னோடதும்மா!

காலேஜ்ல மூணாவது வருஷம். இவரு கரித்துண்டால மூணு கோடு போட்டாரு. நான் பின்னாடி நின்னு பார்த்துக்கிட்டிருந்தேன். அப்படியே உயிரை இழுக்குது. அதோட விட வேண்டியதுதானே? மனுஷன் நீலக் கலர் டப்பாவைத் திறந்தாரு. எனக்குப் பொறுக்கல. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கா முடியப் போகுதுன்னு தெரிஞ்சுபோச்சு. "போதும் தணிகா"ன்னு சொல்லிப் பலகையோட பிடுங்கிக்கிட்டுப் போய் சார்கிட்ட குடுத்துட்டேன். அந்த வருஷம் முதல் பரிசு அதுக்குத்தான்.

அன்னைக்கு ஆரம்பிச்சது. வீட்டு மாடியில தகரம் போட்ட ரூம் ஒண்ணு, அதுலதான் ரெண்டு பேரும் வேலை பண்ணுவோம். அவரு கோடு போடுவாரு, பொட்டு வைப்பாரு, அடுத்து ஏதாவது ஒரு கலருக்குக் கை போகும். உடனே நான் எழுந்திருச்சு வந்து, போதும்னு சொல்லி ஸ்டாண்டுல இருந்து படத்தைத் தூக்கிடுவேன். ஒரு தடவைகூட ஏன்னு கேட்டதில்ல அவரு. ஆசை இருந்தா கேக்க மாட்டாரா? பிரஷ்ஷைக் கழுவி வச்சுட்டு, வெளிய போய் முருங்கை மரத்தைப் பார்த்துக்கிட்டு நிப்பாரு. கொஞ்ச நேரம் கழிச்சு வந்து புதுசா ஒரு வெள்ளைத் துணியை மாட்டுவாரு. இப்படியே முப்பத்தி நாலு வருஷம்.

நான் அப்படி இல்ல. எனக்கு பிரஷ்ஷே பிடிக்காது, கத்திதான். கலரை அள்ளி அப்புவேன். மேல மேல அப்புவேன். புதுத் துணி வாங்கறது எனக்கு ராசியே இல்ல. சரியா வராத பழைய படம் இருக்கும் பாருங்க, அதைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, அது மேலதான் போடுவேன். அடியில ஏதாவது இருந்து முண்டினாத்தான் மேல போடறதுக்கு ஒரு பிடி கிடைக்கும். அதனால எங்க வீட்டு மாடி வராண்டாவுல என்னோட பெயிலான படமெல்லாம் சுவரைப் பார்த்துக்கிட்டு வரிசையா நிக்கும், வகுப்புல தண்டனை வாங்கின பிள்ளைங்க மாதிரி. வேணுங்கறப்போ ஒண்ணை உருவிக்குவேன்.

இது புரிஞ்சுதா? புரிஞ்சாத்தான் மீதி புரியும்.

சென்னையில ஷர்மிளான்னு ஒரு அம்மா கேலரி வச்சிருக்காங்க. கார்த்திகை மாசம் எங்க வீட்டுக்கு வந்தாங்க. கேலரி ஹால்ல ஒரு பக்கச் சுவர் முழுக்க சாருக்கு, எதிர்ச் சுவர் முழுக்க உங்களுக்கு, 'நிறைவும் வெறுமையும்'னு பேர் வைக்கறோம்னாங்க. வளைகாப்புப் பத்திரிகைக்கு வைக்கற பேரு. ஆனா எனக்கும் ஆசை இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. அந்த அம்மா ஒரு நிபந்தனை போட்டாங்க. ஆளுக்கு ஒரு படம் புதுசா இருக்கணும், மூணுக்கு மூணு அடியில, இதுவரைக்கும் யார் கண்ணுலயும் படாததா.

அந்த நேரம் பார்த்து என் பொண்ணு எழிலுக்குப் பிரசவம். முறைப்படி அவதான் தாய் வீட்டுக்கு வரணும். ஓசூர்ல ஆபீஸ், ஓசூர்ல டாக்டர், வர மாட்டேன்னுட்டா. நான் போனேன். தை மாசம் போனவ மாசி கடைசியிலதான் திரும்பினேன். பேத்தி. பேர் வைக்கற அன்னைக்குக் காலையில வந்து சாயங்காலம் போனவர்தான் இவரு. மறுபடி எட்டிப் பார்க்கல. படம் இருக்கு, படம் இருக்குன்னாரு.

நான் கிளம்பறப்போ பஸ் ஸ்டாண்டுல பையை ஏத்திவிட்டுட்டு, ஜன்னல் கிட்ட நின்னு, "மங்கை, இந்த ஒண்ணை மட்டும் நானே முடிச்சுக்கறேன்"னாரு. நான் சிரிச்சேன். "உனக்கு நிறுத்தத் தெரியுமா தணிகா?"ன்னு கேட்டேன். பஸ்ல நாலு பேர் திரும்பிப் பார்த்தாங்க. அவரும் சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு.

போன் பண்ணினா பேச்சே இருக்காது. "சாப்பிட்டியா?" "ஆச்சு." "படம்?" "போயிட்டிருக்கு." ரெண்டு மாசம் இதேதான்.

திரும்பி வந்த அன்னைக்கு, "முடிச்சுட்டியா, காட்டு"ன்னேன். "முடிச்சுட்டேன். அங்க மாட்டினதும் பாரு"ன்னாரு. என்ன ரகசியமோ, எந்தப் பெரிய கோடோன்னு நினைச்சேன். அடுத்த நாள் காலையில ஃபிரேம் கட்டறதுக்கு ரீப்பர் கட்டை வாங்கணும்னு கடைக்குப் போயிட்டாரு.

எனக்கோ பயம். கண்காட்சிக்கு இருபது நாள்தான் இருக்கு, மூணுக்கு மூணு அடியில என்கிட்ட ஒண்ணும் தயாரா இல்ல. வராண்டாவுல வரிசையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். கடைசியில மூணடிச் சட்டம் ஒண்ணு சுவரைப் பார்த்து நிக்குது. திருப்பினேன். சீன்னு ஆயிடுச்சும்மா. ஒரு இடம் மிச்சம் இல்லாம அப்பி வச்சிருக்கு. எது மேல எதுன்னு தெரியல, மூச்சு முட்டுது. இதை நான் எப்போ போட்டேன், என்ன புத்தியில போட்டேன்னு ஞாபகம் இல்ல. ஆனா சந்தேகம் எப்படி வரும் சொல்லுங்க? எங்க வீட்ல இப்படிக் கலரை அள்ளிக் கொட்டறது நான் ஒருத்திதானே! என் மேலயே எனக்கு அருவருப்பு வந்து, கத்தியை எடுத்தேன். மேடா இருந்ததை எல்லாம் சுரண்டி எடுத்தேன். உப்புத்தாள் போட்டேன். மேல இருந்து கலரை அப்ப ஆரம்பிச்சேன்.

மத்தியானம் இவரு வந்தாரு, தோள்ல ரீப்பர் கட்டையோட. வாசப்படியிலயே நின்னுட்டாரு. நான் வேலை மும்முரத்துல, "எப்படி இருக்கு, சொல்லேன்"னேன். கட்டையைக் கீழ சாத்தக்கூட இல்ல, தோள்லயே வச்சுக்கிட்டு நிக்கறாரு. "என்ன, பிடிக்கலையா?"ன்னேன். "பண்ணு"ன்னு சொன்னாரு. ஒரே வார்த்தை. கட்டையைத் தூக்கிக்கிட்டுக் கீழ இறங்கிட்டாரு. எனக்குக் கோபம் வந்துச்சு. ரெண்டு மாசம் கழிச்சு வேலை செய்யறா பொண்டாட்டி, ஒரு நல்ல வார்த்தை சொன்னா வாய் கோணிக்குமா?

ஆனா படம் வந்துச்சும்மா. அந்த மாதிரி எனக்கு எப்பவும் வந்ததில்ல. நான் ஒண்ணு வைக்கறேன், அடியில இருந்து ஒண்ணு தள்ளுது. இங்க வை, இங்க வைக்காதேன்னு யாரோ கையைப் பிடிச்ச மாதிரி. பதினைஞ்சு நாள்ல முடிச்சு 'அடைமழை'ன்னு பேர் வச்சேன்.

கண்காட்சிக்கு வரேன். அந்தக் கூத்தை எப்படிச் சொல்றது? முதல் நாள் காலையில படமெல்லாம் மாட்டறாங்க. அவரு சுவர்ல ஆறு படம், கோடும் பொட்டும். ஏழாவது இடத்துல ஒரு ஆணி. வெறும் ஆணி. அதுக்குக் கீழ அச்சடிச்ச அட்டை: தணிகாசலம், 'ஓசூர்', அக்ரிலிக், மூணுக்கு மூணு அடி. நம்பர் போடற மனுஷன் முதல் தடவையா பேர் வச்சிருக்காரு, அதுவும் ஓசூராம்! ஓசூர்ல என்ன இருக்கு? குளிரும் ரோஜாத் தோட்டமும்தான். பேர் மட்டும் இருக்கு, படம் இல்ல.

ஷர்மிளாம்மா பதறிட்டாங்க. "சார், படம் எங்க சார்?" இவரு நிதானமா, "மாட்டியாச்சும்மா"ன்னாரு. அந்த அம்மா ஆணியைப் பார்த்தாங்க, இவரைப் பார்த்தாங்க. அப்புறம் கன்னத்துல கையை வச்சுக்கிட்டு, "ஓ காட், சார்!"னாங்க. கண்ணுல தண்ணி. என்ன புரிஞ்சுதோ அவங்களுக்கு.

அந்த ஆணிக்கு நேர் எதிர்ச் சுவர்ல என்னோட அடைமழை. வந்தவங்க நடுவுல நின்னுக்கிட்டு இந்தப் பக்கம் பார்க்கறாங்க, அந்தப் பக்கம் பார்க்கறாங்க, தலையைத் தலையை ஆட்டறாங்க. ஒருத்தர் தாடி வச்சுக்கிட்டு வந்து மைக்கைப் பிடிச்சாரு. "இந்த ஆணி ஒரு துறவு. எதிரே இருப்பது பெருவாழ்வு. மனைவி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்ட பிறகு கணவனிடம் எஞ்சுவது இந்த ஆணிதான்"னாரு. எல்லாரும் கை தட்டறாங்க! எனக்கு அங்கயே வாந்தி எடுத்துடலாமான்னு இருந்துச்சு. குச்சியில குத்தின சீஸ் துண்டை வாயில போட்டுக்கிட்டு, ஆணி பக்கத்துல நின்னு செல்ஃபி எடுக்கறாங்க பட்டுப்புடவைக்காரிங்க. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? ஒருத்தி வந்து என்கிட்ட, "வீட்ல யாரு சமைப்பீங்க?"ன்னு கேக்கறா. ஆணிதான் சமைக்கும்னு சொல்லிட்டேன்.

எனக்கு ஆத்திரம் எதுல தெரியுமா? இவரு வேலை பண்ணல. ரெண்டு மாசம் வீட்ல சும்மா படுத்துக்கிட்டு, ஒண்ணும் வராம, ஆணி அடிச்சு ஊரை ஏமாத்தறாரு. ஒரு பேப்பர்காரப் பொண்ணு வந்து, சாரோட ஆணியைப் பத்திச் சொல்லுங்கன்னு கேட்டா. இவரு பக்கத்துலதான் காகித டம்ளர்ல டீயோட நின்னுக்கிட்டிருந்தாரு. நான் சத்தமாவே சொன்னேன். "நான் ஊர்ல இல்லைன்னா இவருக்கு ஒண்ணும் வராது. அந்த ஆணியே சாட்சி." அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே எழுதிக்கிட்டா. பேப்பர்லயும் வந்துச்சு, போட்டோவோட. அதுல இவரு டம்ளரைப் பார்த்துக்கிட்டு நிக்கறாரு.

ஊமை ஊரைக் கெடுக்கும்பாங்க. எங்க வீட்டு ஊமை என்னைக் கெடுத்துட்டாரும்மா.

இன்னொண்ணு சொல்லணும். கண்காட்சி ஒன்பது நாள். ஒன்பது நாளும் இவரு தன்னோட சுவருக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, என் அடைமழைக்கு எதிர்ல ஒரு பெஞ்சு கிடந்துச்சு, அதுல உட்கார்ந்தே இருந்தாரு. முப்பத்தி நாலு வருஷத்துல என் படத்தை இப்படி உட்கார்ந்து பார்த்தவரே இல்ல. எனக்குப் பெருமையா இருந்துச்சு. தன்னால ஆகல, பொண்டாட்டியால ஆச்சு, அதை இப்பவாவது ஒத்துக்கறாரேன்னு. ஒரு நாள் எழுந்து போய்க் கண்ணாடியை நெத்தியில ஏத்திக்கிட்டு, படத்தோட பக்கவாட்டு ஓரத்தைக் குனிஞ்சு பார்த்தாரு. விரலால தடவினாரு. "தொடாதே தணிகா, ரூல் போட்டிருக்காங்க இல்ல?"ன்னு ஹால்லயே அதட்டினேன். கையைப் பின்னால கட்டிக்கிட்டாரு.

கடைசி நாள். படமெல்லாம் இறக்கறாங்க. என் அடைமழையை ஒரு பெரிய டாக்டர் தன்னோட ஆஸ்பத்திரி வரவேற்புல மாட்டணும்னு கேட்டு, பக்கத்துல சிவப்பு ஸ்டிக்கர்கூட ஒட்டியாச்சு. அங்க எட்டியப்பன்னு ஒருத்தர், படம் மாட்டறது, இறக்கறது எல்லாம் அவர்தான். அடைமழையை இறக்கிச் சுத்தறதுக்காகக் கவுத்துப் போட்டாரு. போட்டுட்டு, "மேடம், இது சார் பக்கத்துப் படமா? மாத்தி மாட்டிட்டோமா?"ன்னாரு. "ஏன்?"னேன். "பின்னாடி சார் பேர் இருக்கே. ஓசூர்னு எழுதியிருக்கு."

கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பார்த்தேன். குறுக்குச் சட்டத்துக்கு உள்பக்கம் பென்சில்ல, அவரோட பொடி எழுத்து. 'ஓசூர். தணிகாசலம். தை, மாசி.'

எட்டியப்பன் நிக்கறாரு. ஷர்மிளாம்மா அந்தக் கோடியில யாருக்கோ கை காட்டிக்கிட்டிருக்காங்க. நான் என்ன பண்ணினேன் தெரியுமா? போய் அந்தச் சிவப்பு ஸ்டிக்கரை நகத்தால சுரண்டி எடுத்தேன். அந்த அம்மா ஓடி வந்து கத்தினாங்க, டாக்டர்கிட்ட என்ன சொல்றதுன்னு. எது வேணா சொல்லுங்கன்னேன். இவரு பெஞ்சுல உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்தாரு.

குட்டியானை வண்டியில படத்தை ஏத்திக்கிட்டு ஆற்காட்டுக்குத் திரும்பறோம். முன்னாடி டிரைவர், நடுவுல இவரு, ஓரத்துல நான். டிரைவர் எதிர்ல எப்படிக் கேக்கறது? பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். ஓச்சேரியில டீ குடிக்க நிறுத்தினான். கடைக்கு வெளியில நின்னுதான் கேட்டேன்.

"ஏன் சொல்லல?"

"நீ பார்த்துடக் கூடாதுன்னுதான் உன் வரிசைக் கடைசியில திருப்பி வச்சேன். நான் மேல வந்தப்போ நீ கத்தியோட நின்னுக்கிட்டிருந்தே. பாதிக்கு மேல போயிருந்துச்சு."

"பாதி இருந்துச்சு இல்ல? வாயில என்ன, கொழுக்கட்டையா?"

"பாதியை வச்சுக்கிட்டு என்ன பண்றது, மங்கை?" அப்புறம், "உனக்கு நல்லா வந்துக்கிட்டிருந்துச்சு. கெடுக்க வேணாம்னு பார்த்தேன்"னாரு.

பாருங்க, இந்தக் குணம்தான் எனக்கு அறவே ஆகாது. இந்த நல்லவர் வேஷம். ஒரு அறை விட்டிருக்கலாம். கத்தியைப் பிடுங்கியிருக்கலாம். என் படத்தை எத்தனை தடவை நீ பிடுங்கினே, இதை நான் பிடுங்கறேன்னு சொல்லியிருந்தா, நான் என்ன கடிச்சா தின்னுடப் போறேன்? வாயை மூடிக்கிட்டு, ஆணியை அடிச்சு, ஊரைக் கூட்டி, என்னைப் பேசவிட்டு, அதைப் பேப்பர்ல போடவிட்டு! நிஜமாவே அன்னைக்கு அந்த டீயைக் கீழ கொட்டிட்டேன்.

கொட்டிட்டு, சரி, நடந்தது நடந்துபோச்சுன்னு மனசைத் தேத்திக்கிட்டு, தன்மையாத்தான் கேட்டேன். "எப்படி இருந்துச்சு தணிகா அந்தப் படம்? சொல்லு. நான் கேக்கறேன்."

அவரு டீ டம்ளரைப் பெஞ்சு மேல வச்சாரு. என் மூஞ்சியைப் பார்த்தாரு. கோபம்லாம் இல்ல. நிஜமாவே நான் கேட்டது புரியாத மாதிரிதான் பார்த்தாரு.

"நீ பார்த்தியே, மங்கை"ன்னாரு.

அவ்வளவுதான். போய் வண்டியில ஏறிக்கிட்டாரு.

என்ன கேட்டீங்க? ஆமா, இதேதான், இந்த பெட்ஷீட்டுக்குள்ள இருக்கறது. பூந்தமல்லியில ஒரு பெரியவர் இருக்காரு, பழைய படங்களைச் சுத்தம் பண்றதையே வேலையா வச்சிருந்து ரிட்டயர் ஆனவர். விசாரிச்சுப் பிடிச்சேன். என்னோடதை எடுத்துட்டு அவரோடதை வெளியில கொண்டுவரணும், முடியுமான்னு போன்ல கேட்டேன். கஷ்டம்மா, ரெண்டும் ஒரே பெயிண்ட், மேல இருக்கறதைக் கரைச்சா கீழ இருக்கறதும் கரையும், நீங்க உப்புத்தாள் போட்ட இடம் போனது போனதுதான், ரெண்டுமே இல்லாமப் போகலாம்னாரு. போனாப் போகட்டும். அடைமழை போனா எனக்கு ஒண்ணும் இல்ல. ஆமா, என் வாழ்க்கையிலயே நல்ல படம்தான், அதுக்கு என்ன இப்போ?

அவரா? அவருக்குத் தெரியாது. இன்னைக்கு அவரு சலூனுக்குப் போன நேரமா பார்த்துத் தூக்கிக்கிட்டு வந்துட்டேன். கேட்டா விடுன்னுதான் சொல்வாரு, வேணாம்பாரு. அவருக்கு என்ன வேணும்னு அவருக்கு எங்கம்மா தெரியும்? அவருக்காக நான்தானே பார்க்கணும். என்ன அப்படிப் பார்க்கறீங்க? நீங்களும் உங்க வீட்ல அப்படித்தானே பண்ணுவீங்க?

தண்ணி இருந்தா ஒரு வாய் குடுங்க. தொண்டை காயுது.

அந்தப் பெரியவர் போன்ல ஒண்ணு கேட்டாரு. "கீழ என்ன இருக்குன்னு சொல்லுங்கம்மா. எங்க மஞ்சள், எங்க கறுப்பு, கோடு எப்படிப் போகுதுன்னு தெரிஞ்சா, அந்த இடம் வந்ததும் கையை நிறுத்திக்குவேன். தெரியாம இறங்கினா, எதைச் சுரண்டறேன்னு எனக்கே தெரியாது. அந்தப் படத்தை யாராவது பார்த்திருக்காங்களா?"

ஒரே ஒருத்தி பார்த்திருக்கான்னேன். நேர்ல வந்து சொல்லச் சொல்லுங்கன்னாரு.

ஆற்காட்டுல ஏறினதுல இருந்து கண்ணை மூடி மூடிப் பார்க்கறேன். அதை ரெண்டு கையால பிடிச்சிருந்தேன்மா, வெளிச்சத்துல. மேல என்ன கலர்? நடுவுல என்ன இருந்துச்சு? ஒண்ணும் வர மாட்டேங்குது. நான் மூஞ்சியைச் சுளிச்சது மட்டும்தான் ஞாபகம் இருக்கு.